ஓஸ் பிடிக்கிற கை

எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனுக்குப் படகில் இருந்து மூச்சுக்குக் காற்றுப் போகிற ரப்பர் குழாயை, எங்கள் பேச்சில் ஓஸை, பிடித்துக்கொள்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். அதாவது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பி ஆகாது. அண்ணன் தம்பிக்குள் வீடு, படகு என்று ஆயிரம் தகராறு வரும். மச்சான் பிடியை விட்டால் தாலியறுக்கப் போவது அவன் கூடப்பிறந்தவள்தான். அதனால் விட மாட்டான். முத்துக் குளித்த காலத்தில் கயிற்றுக்கு இருந்த இந்த ஏற்பாடு, காற்றடிக்கிற கம்ப்ரசர் வந்த பிறகு ஓஸுக்கும் அப்படியே வந்துவிட்டது. இதை யோசித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். போன் என்று ஒன்று வரும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் குளிப்பார், என் தம்பி ஓஸ் பிடிப்பான். கல்யாணத்துக்கு முன்பு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். அதை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்க எனக்கு ஒத்துவரவில்லை. சும்மா இருந்தால் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். ஒரு நாள் முற்றத்தில் கழுவிக் காயவைத்த சங்குகளைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, புது வீட்டு நிலைப்படிக்குக் கீழே பதிக்க ஒரு சங்கு வேண்டும் என்று கேட்டாள். அடுத்து ஒருத்தி பிள்ளைக்குப் பால் புகட்டச் சின்னச் சங்கு கேட்டாள். வியாபாரி மூட்டையாக அள்ளிக்கொண்டு போன பொருளை நான் ஒவ்வொன்றாகப் பஞ்சு சுற்றி கூரியரில் அனுப்ப ஆரம்பித்தேன். தெருவில் என்னை ‘ஆன்லைன்காரி’ என்று கேலி செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் டவுனில் இளைஞர்கள் சொந்த ஊரிலேயே டிஜிட்டல் தொழில் தொடங்குவது பற்றி ஒரு நாள் வகுப்பு நடந்தது. டீயும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன், “பொருளை எல்லாரும் விப்பாங்க மேடம், நீங்க அது எப்படிக் கிடைக்குதுன்னு காட்டுங்க” என்றான். வீட்டுக்கு வரும்போதே முடிவு செய்துவிட்டேன். போலிச் சங்கு ஊரெல்லாம் கிடக்கிறது. நம்முடையது கடலில் இருந்து வருவதைப் படகிலேயே லைவாகக் காட்டினால் யார் சந்தேகப்பட முடியும்?

தம்பியிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

“படகுல நான் போனே எடுக்க மாட்டேனே அக்கா. யாரு கூப்ட்டாலும் மணி அடிக்காத மாதிரிதான் வச்சிருக்கேன். உன் நம்பருக்கு மட்டும் அடிக்கும்.”

“அது போதும்லே” என்றேன். “நான் கூப்ட்டா லைவைப் போடு. கேள்வியெல்லாம் நான் வீட்ல இருந்து வாசிக்கேன். நீ காட்டினாப் போதும்.”

சிக்னலுக்காகப் படகையும் கொஞ்சம் கரைப் பக்கமாக நிறுத்தச் சொன்னேன். துறைமுகத்து கிரேன்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் நெட் கிடைக்கும். முதல் இரண்டு லைவும் நன்றாகவே போயின. தம்பி போனைப் பலகையில் சாய்த்துவைத்துவிட்டு, ஓஸைக் கையில் பிடித்தபடி, தண்ணீரில் வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. பார்க்கிறவர்கள், “தம்பி ஏன் அந்தப் பக்கமே பாக்குறாரு?” என்று எழுதினார்கள். படகு ஓட்டுகிற அண்ணாச்சி அவனை ஒரு தடவை சத்தம் போட்டதும் லைவில் கேட்டது. “ஏலே, அந்தப் போனைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிருவேன் பாத்துக்க.” இந்த ஆளுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடமும் அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கீழே இருக்கிற எனக்கு மேலே நடப்பது என்ன தெரியும் என்றார்.

மூன்றாவது தடவை ஒரு காலை வேளை. காற்று அவ்வளவாக இல்லை. நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். லைவைப் போட்டான். முன்னெப்போதும் இல்லாத கூட்டம் வந்தது. திரையில் இதயங்கள் மேலே மேலே பறந்தன. ஒருத்தி பெரிய சங்காக ஒன்று காட்டச் சொன்னாள்.

“வலைப்பையைக் கிட்டக் கொண்டா. தெளிவாத் தெரியல” என்றேன்.

அவன் குனிந்து, அன்றைக்கு எடுத்த சங்குகள் நிறைந்த பையை இரண்டு கையாலும் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தான். பை நல்ல கனம்.

“இன்னும் கொஞ்சம் இங்கன தள்ளி வை. உன் மூஞ்சியையும் காட்டு. எல்லாரும் கேக்காங்க.”

அவன் பையைத் தள்ளி வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் இருந்தே நான் ஒன்று சொல்லி அவன் மறுத்தது கிடையாது. ஒவ்வொரு சங்காக எடுத்துக் காட்டினான். நான் விலை சொன்னேன். அப்போது அண்ணாச்சியின் அலறல் கேட்டது. தம்பியின் முகம் திரையை விட்டுப் போனது. போன் சரிந்து விழுந்து வானத்தைக் காட்டியது. கொஞ்ச நேரம் வெறும் வானமும் சத்தமும். அப்புறம் லைவ் அறுந்துவிட்டது.

ஓஸில் காற்று நின்றுபோனதும் என் வீட்டுக்காரர் இடுப்பில் கனத்துக்குக் கட்டியிருந்த ஈயத்தைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். அவ்வளவு ஆழத்தில் இருந்து அப்படி வேகமாக வரக் கூடாது, வந்தால் கை கால் விழுந்துவிடும். உயிர் பிழைத்தது மாதா புண்ணியம். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பல வாரம் கழித்து இடது கால் திரும்பியது. வலது கால் இன்னமும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

தம்பி எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னான். “கண் அசந்துட்டேன்.” என் மாமியார் வீட்டார் அவனைப் படியேற விடவில்லை. அக்காள் தாலியை அறுக்கப் பார்த்தவன் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவன் தலை குனிந்து நின்றான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. லைவைப் பார்த்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு வானம்தான் தெரிந்திருக்கும். அண்ணாச்சிக்குத் தம்பி போனில் பேசியது தெரியும், கம்ப்ரசர் சத்தத்தில் யாரோடு, எதற்கு என்று தெரியாது.

ஆனால் அந்த லைவ் வீடியோவாக என் போனில் பதிவாகியிருந்தது. ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அவன் பையைத் தள்ளி வைத்தது ஓஸின் மேல். படகின் விளிம்பில் ஓஸ் மடங்குகிற இடத்தில், அவர் எடுத்து மேலே அனுப்பிய சங்குகளே உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு என் குரல் கேட்கிறது. “அப்படியே இரு, நல்லா இருக்கு.” அதோடு நிறுத்திவிட்டேன். அழிக்கவும் மனம் வரவில்லை.

வருமானம் வேண்டுமே. இந்த வருடம் தம்பி தானே குளிக்க இறங்குவது என்று முடிவானது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் என்று யாரும் கிடையாது. என் வீட்டுக்காரர், “நானும் அவனுக்கு மச்சான்தானே, உக்காந்துக்கிட்டே ஓஸ் பிடிக்க இந்தக் கால் போதும்” என்றார். இருவரும் பழையபடி பேசிக்கொள்வதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அது ஒரு நாள் கூட நீடிக்கவில்லை. கிளம்புகிற காலையில், தம்பி வெளியே சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“ஏளா, லைவ் போடுவோமா? நான் பேசுதேன். காலுதான இழுக்கு, வாய் நல்லாத்தான இருக்கு. நீ கூப்டு, எடுக்கேன்.”

 அன்றைக்கும் லைவ் ஓடியது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தது நான். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால், தண்ணீருக்குள் இருக்கப் போவது என் தம்பி. போனை எடுத்து வீடியோவைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் முழுவதும் பார்த்தார். என் குரல் வந்த இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வானம் வந்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

“கண் அசந்துட்டேன்னுதான சொன்னான்” என்றார். “இத்தனை நாளும் அப்படித்தான சொல்லுதான்.”

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தன்னுடைய போனை மேசைமேல் வைத்தார். வாசலுக்குப் போய்த் தம்பியிடம் ஏதோ சொல்லி, அவனுடைய போனையும் வாங்கிவந்து அதன் பக்கத்தில் வைத்தார். தம்பி உள்ளே எட்டிப் பார்க்காமலே, “வாரேன் அக்கா” என்றான். இருவரும் போய்விட்டார்கள்.

மணி பத்தரை இருக்கும். இந்நேரம் அவன் இறங்கியிருப்பான். இன்றைக்கு லைவ் உண்டா என்று என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் பதில் போடவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவும் இல்லை. என்ன நினைத்தேனோ, என் போனில் இருந்து தம்பியின் நம்பரை அழுத்தினேன்.

மேசைமேல் அது முதல் நொடியிலேயே சத்தமாக அடித்தது. என் நம்பருக்கு மட்டும் மணி அடிக்கிற அந்த ஏற்பாட்டை அவன் இன்னும் மாற்றவில்லை.