குடிலுக்கு மேல் ஒரு பேனர்

டிசம்பர் பிறந்ததும் என் கைபேசியில் குழந்தை இயேசு வந்துவிடுகிறார். ஒரு நாள் நகைக்கடைக்காரர் அழைத்து வருகிறார், மறுநாள் சோபா விற்பவர். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முகப்பேரில் எங்கள் அடுக்ககத்தில் நட்சத்திரம் தொங்காத கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். பூசைக்குப் போவோம், சமைப்போம், அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம், அவ்வளவுதான். சுத்தக் கஞ்சம் என்கிறாள் என் மகள். சொல்லட்டும். அவள் வயதில் நான் என் அப்பாவை இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது மேனாம்பேட்டில் இருந்தோம். அப்பா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். டிசம்பர் தொடங்கியதும் மண்தட்டுகளில் கேழ்வரகு விதைப்பார். அது பச்சைப் புல்லாக முளைத்து நிற்கும்போது அதன்மேல் மாதா, சூசையப்பர் சுரூபங்களை வைத்துக் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். எப்போதும் கூடத்து மூலையில்தான். நான் அப்பாவைத் திட்டிய வருடம் அந்த மூலையில் சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. திருநின்றவூரிலிருந்து இருபது நாள் குழந்தையோடும், நாலு மூட்டையோடும், கழற்றிய சீலிங் ஃபேனோடும் வந்திருந்தாள். பிள்ளை பெற்றவள், அக்கா வீட்டில் இருக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஃபேனையும் கழற்றிக்கொண்டா வருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சித்தப்பா தினமும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தார். அதையும் கேட்கவில்லை. குடில் வாசலுக்குத் தள்ளப்பட்டுவிட்டதே என்பதுதான் என் கோபம்.

அந்த வருடம் குடில் போட்டி வைத்தார்கள். மனை விற்கிற கம்பெனி ஒன்று பரிசு தருகிறது, முதல் பரிசு சைக்கிள். அவர்களுடைய பேனரைக் குடிலுக்கு மேல் கட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அப்பா ஷிப்டில் இருந்தபோது ஆட்கள் வந்தார்கள். கட்டச் சொன்னது நான்தான். முதலாளியின் முகம் மட்டுமே மாட்டுக்கொட்டகை அளவு இருந்தது. பக்கத்தில் ஒரு ஏரி, கோடு போட்ட மனைகள், ‘பாலன் பிறப்புச் சலுகை’ என்று சிவப்பு எழுத்து. மாதாவும் சூசையப்பரும் கழுதையும் அவர் தாடைக்குக் கீழே அடக்க ஒடுக்கமாக நின்றார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கயிற்றை அறுத்தார்.

“படுக்க எடமில்லாம மாட்டுக்கொட்டாயில பொறந்தவரு. அவரு தல மேலயே மனை விக்கிறானுங்கோ. இந்த வருசம் நம்ம ஊட்ல பண்டிக கெடயாது.”

சித்தி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். சுரூபங்கள் பெட்டிக்குள் போயின. புது உடுப்பு கிடையாது, கேக் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. இவர் குழந்தைகளைக் கொன்ற ஏரோது ராஜா என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

அழுதது போதவில்லை. சுரூபங்களையும், மாடியில் சுருட்டிக் கிடந்த பேனரையும் திருடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு அத்தைக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது, ஆனால் சாமி எதுவானாலும் சரி. டிவி ஸ்டாண்டை ஒழித்துக் கொடுத்தாள். மூன்று ராஜாக்களுக்கும் ஒட்டகத்துக்கும் குங்குமம் வைத்துச் சூடமும் காட்டினாள். பேனரை ஜன்னல் கம்பியில் கட்டினோம்.

பண்டிகையன்று துவைத்த பழைய பாவாடையோடு பூசைக்குப் போய்வந்தேன். மத்தியானம் கம்பெனி ஆட்கள் எதிர்வீட்டுக்கு வந்தார்கள். குங்குமம் வைத்த ஒட்டகத்தை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனர் சுருக்கமில்லாமல் தெரிகிறதா என்று பார்த்து, அதை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர்கள் போன பிறகு சித்தி என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள், தோளில் குழந்தை. திருட்டைக் கண்டு திட்டுவாள் என்று பயந்தேன். அவள் பேனரின் கிட்டே போய் ஏரி ஓரத்தில் விரல் வைத்தாள்.

“இந்த அடிபம்பு எங்க ஊட்டு வாசல்ல இருந்தது. இடிக்க வந்த அன்னிக்கி நான் ஆஸ்பத்திரில கீறேன். பம்ப மட்டும் வுட்டுட்டு ஊட்டெல்லாம் வாரித் தள்ளிட்டானுங்கோ.”

விரலுக்குப் பின்னால் வீடு எதுவும் இல்லை. எண் போட்ட மனைகள்தான் இருந்தன. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படத்தில் பூங்கா இருந்தது, தெருவிளக்கு இருந்தது.

“அப்ப எல்லாம் கட்டி முடிச்சதும் நீங்க அங்கயே திரும்பிப் போயிடலாம் சித்தி. உங்க எடந்தான?”

சித்தி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஆமாம் என்றுதான் சொன்னாள். சோறு ஆறுகிறது, வா என்று முன்னால் நடந்தாள். அந்தப் பேனரை அவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிட்ட கையோடு மறுபடி வந்து, சைக்கிள் வரும் என்று சாயங்காலம்வரை அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன்.