பொய்த் தீயும் நிஜக் கையும்

போன வாரம் எங்கள் ஃபேக்டரியில் தீப்பிடித்தது.

பதறாதீர்கள். பொய்த் தீ! திருவொற்றியூரில் நான் கணக்கெழுதும் தகர டப்பா கம்பெனியில், நிஜமாகவே தீப்பிடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் ஒத்திகை. ஒரு பீப்பாயில் எண்ணெய்க் கந்தலைப் போட்டுக் கொளுத்தி, புகை கிளப்பி, மணி அடித்தார்கள்.

ஏற்பாடு எல்லாம் சேஃப்டி ஆபீசர் அனந்தராமன். பம்பாயில் பயிற்சி முடித்து வந்தவர். முதல் நாளே எங்களைக் கூட்டிவைத்து லெக்சர் அடித்தார்.

"ஆபத்து வந்தா சில பேர் யோசிச்சுக்கிட்டே நிப்பாங்க. சில பேர் யோசிக்காம ஓடுவாங்க. ரெண்டும் தப்பு. கோபம், பயம், பாசம் எல்லாத்தையும் கேட்லயே விட்டுட்டு வாங்க!"

தலையாட்டினோம். தலையாட்ட என்ன கஷ்டம்?

மறுநாள் மணி அடித்ததும் நடந்தது என்ன? முதலில் வெளியே பாய்ந்து வந்த பிரஸ் செக்‌ஷன் ஆட்களில் பாதிப் பேர் மறுபடியும் புகைக்குள்ளேயே ஓடினார்கள். எதற்கு? டிபன் கேரியரை எடுக்க!

அவர்களைச் சொல்வானேன்? நான் யோசிக்கிற ரகம். ஆபீஸ் அறைக்கு இரண்டு வாசல். கடல்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை எங்கே திரும்பும், எந்த வாசல் உசிதம்... தீர்மானத்துக்கு வந்து, "எல்லாரும் என் பின்னால வாங்க" என்று திரும்பினால், அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. அத்தனை பேரும் ஜன்னல் வழியாகக் குதித்துப் போயிருந்தார்கள்.

சரி, ஒத்திகை என்றால் காயம்பட்டவர் ஒருவர் வேண்டாமா? பேக்கிங் செக்‌ஷன் முனுசாமி தானாகவே முன்வந்தார். கழுத்தில் 'வலது கால் முறிவு' என்று எழுதிய பலகையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக் களையோடு ஸ்ட்ரெச்சரில் படுத்தார்.

தூக்க இரண்டு பேர். அதில் ஒருவன் வார்னிஷ் ஷெட் கன்னியப்பன், முனுசாமியின் மனைவிக்குத் தம்பி. அங்கேதான் வந்தது சிக்கல். பொங்கலிலிருந்தே மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. முனுசாமியின் குழந்தைக்குக் காது குத்திய அன்று கன்னியப்பன் வந்து சேரத் தாமதம். நல்ல நேரம் போகிறதே என்று வேறு யார் மடியிலோ உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் மடியா? சும்மா விடுவானா?

"அந்தாள நான் தூக்கமாட்டேன் சார்" என்றான்.

"கன்னியப்பா, நெருப்புக்கு உன் குடும்பச் சண்டை தெரியுமா?" என்றார் ஆபீசர்.

"நெருப்பு பொய்யி சார். சண்டை நெசம்."

ஆபீசர் விசிலைப் பலமாக ஊதினார். கன்னியப்பன் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு.

முனுசாமியாவது சும்மா வந்தாரா? "ஐயோ, என் காலு பூட்ச்சே! என் புள்ளைக்கி மாமன்னு சொல்லிக்க ஒரு நாதி இல்லியே!" என்று ஒப்பாரி. ஃபேக்டரி முழுக்கச் சிரிப்பு.

திருப்பத்தில், தீயணைக்கிற வாளிகளிலிருந்து சிந்திய தண்ணீரில் முன்னால் தூக்கியவனின் கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. முனுசாமி சரிந்து, தள்ளுவண்டி ஓடும் இரும்புத் தண்டவாளத்தின்மேல் விழுந்தார். இடது கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆஹா, என்ன நடிப்பு! எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தபடி அதட்டினார்: "பலகையில வலது கால்னுதானே போட்டிருக்கு? கையை ஏன்யா பிடிக்கிறே? காலைப் பிடி!"

"நிறுத்துங்கய்யா!"

கத்தியது கன்னியப்பன்.

"இன்னாத்துக்குக் கைதட்டிகினு கீறீங்க? அவுரு கத்தல பாருங்க! கொசு கட்ச்சாலே தெருவ எழுப்புற மன்சன்... கத்தல சார்! நெசமாவே அடிபட்டுகீது!"

பாய்ந்து அருகே மண்டியிட்டான். முனுசாமியின் முன்கை வீங்கிக் கோணியிருந்தது. யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. கழுத்துப் பலகையைக் கழற்றிக் கைக்கு அடியில் கொடுத்து, தன் தலைத்துண்டை அவிழ்த்துப் பக்குவமாகக் கட்டினான். ஆபீசர் அதற்குள் லாரிக்கு ஓடியிருந்தார்.

ராயபுரம் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போன லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் முனுசாமி கண்ணை இறுக மூடினார். வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தண்டையார்பேட்டை தாண்டியபோதுதான் மெதுவாகச் சொன்னார்: "வலிக்குதுடா மச்சான்."

"கத்து மாமு. கத்திடு."

கத்தினார் பாருங்கள்! டிரைவர் மிரண்டு பிரேக்கை மிதித்தார். கன்னியப்பன் அழுதுகொண்டே சிரித்தான்.

எலும்பு முறிவுதான். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் ஆபீசர் கன்னியப்பனைக் கூப்பிட்டார். "நாங்க இத்தனை பேர் பார்த்துக்கிட்டிருந்தோம். உனக்கு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?"

"நான் எங்க சார் பாத்தேன்? மாமு மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு அந்தாண்ட திரும்பிகினு இருந்தேன். காது மட்டும் கேட்டுகினே இருந்துச்சு. திடீர்னு சத்தம் நின்னு பூட்ச்சு."

யோசித்துப் பாருங்கள். அவன் கோபத்தைக் கேட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால்? சமர்த்தாக மாமன் முகத்தைப் பார்த்து, எங்களோடு சேர்ந்து கைதட்டியிருப்பான். அதற்காகக் கோபம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதே கோபம் அவனை ஸ்ட்ரெச்சரைத் தொடவிடாமலும் பண்ணப் பார்த்ததே! மனசு எப்போது காலை வாரும், எப்போது கை கொடுக்கும்... பம்பாயிலும் அதற்குப் பாடம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நேற்று முனுசாமி மாவுக்கட்டோடு கம்பெனிக்கு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"சார்... வுழறதுக்கு முன்னாடி, நம்ம ஆக்டிங் எப்டி சார் இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துது முனுசாமி. அதுதான் வினையாப் போச்சு!"