வெற்றிலைத் தட்டில் வைத்த தகடு

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நாங்கள் கண்டியில், ஹந்தானை அடிவாரத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அரசாங்கச் சுரங்கக் கந்தோரில் உத்தியோகம். காரீயக் குழிகளில் இறங்கிப் பாதுகாப்பைப் பார்த்து எழுத வேண்டும். பின்னேரங்களில் என்னை உட்காரவைத்து ஜெர்மனிக் கதை சொல்லுவார். அங்கே அரசர் காலத்திலேயே மாகாணத்துக்கு மாகாணம் சுரங்கத்துக்கென்று தனிக் கந்தோர் இருந்ததாம். அதற்குத் தனிச் சட்டமாம், தனி உடுப்பாம்.

"இஞ்சேருங்கோ, உங்கட ஜெர்மன்காரர் புட்டு அவிப்பினமோ?" என்று கேட்டு அவர் வாயை அடைப்பேன்.

"ஓம், உம்மைவிட நல்லா அவிப்பினம்."

அன்று கொட்டாவி வரவழைத்த அந்தக் கதையை ஒரே ஒரு தடவை கேட்க இன்று காது ஏங்குகிறது. இத்தனை வருஷமாகியும் பின்னேரமானால் வாசல் படலையைப் பார்க்கிறேன்.

ஜெர்மனிப் புத்தகம் ஒன்றில் படித்த ஒரு முறையை இங்கே ஒரு குழியில் கொண்டுவந்தார். இறங்குகிறவன் தன் பெயர்த் தகட்டைக் குழிவாயிலுள்ள பலகையில் மாட்ட வேண்டும். ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பலகை வெறுமையானால் உள்ளே ஒருவரும் இல்லை.

அன்றைக்கு அவரும் தன் தகட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். கூலியாட்களின் தகடுகளுக்கு நடுவே ஐயாவின் தகடும் தொங்குவது மேற்பார்வையாளனுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. அதை எடுத்து, வெள்ளைத் துணி விரித்த வெற்றிலைத் தட்டில் வைத்து உள்ளறையில் பத்திரப்படுத்தினான். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் நேரத்தோடு வீட்டுக்கும் போய்விட்டான். ஆட்கள் ஏறித் தங்கள் தகடுகளை எடுத்தார்கள். பலகையில் ஒன்றும் மிச்சமில்லை. ஐயா அடுத்த குழிவாயால் ஏறிப் பஸ் பிடித்திருப்பார் என்று நினைத்துப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

போயாவன்று குழியில் வேலையில்லை. அவர் வீடு வராததால் நான் கந்தோருக்கு ஆள் அனுப்பினேன். பதில் சொல்லப் பியோன் வந்தான்.

"தந்தி அடிச்சுக் கேட்டாச்சுங்கம்மா. குழிக் காவல்காரன் பார்த்தானாம், பலகையில ஒரு தகடுகூட இல்லையாம். ஐயா வேற குழிக்குப் போயிருப்பாங்க, கவலைப்படாதீங்க."

அப்பாடா என்று இருந்தது. அவர் கொண்டுவந்த முறையல்லவா, எனக்கு அதில் அவரைவிட நம்பிக்கை. வந்ததும் என்ன சொல்லி வம்புக்கு இழுக்கலாம் என்று யோசித்தபடி புட்டுக்கு மா அரித்து வைத்தேன்.

போயா கழிந்து காலையில் இறங்கியவர்கள்தான் கண்டார்கள். பக்கச் சுரங்கத்தில் கால் முறிந்து கிடந்திருக்கிறார். மூச்சு இல்லை. ஆனால் தூக்கியபோது உடம்பில் சூடு இருந்ததாம். என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அதுவும் ஆறிப்போயிருந்தது.