மஞ்சள் நோட்டீஸில் பாயின் பெயர்

திருவேட்டக்குடிப் பக்கம் இறால் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து, பணிக்கொடையை அதில் கொட்டியது நான்தான். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. இரண்டு அறுவடை நன்றாக வந்தது. மூன்றாவதில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து, குட்டை முழுக்க இறால் செத்து ஒதுங்கியது. வங்கி, தீவனக் கடை, பைனான்ஸ்காரர், என் பழைய நண்பர் பாய் என்று நான்கு இடத்தில் கடன் நின்றது.

வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குடியிருக்கும் வீட்டை விற்று எல்லாவற்றையும் அடைப்பது. மற்றது, மஞ்சள் நோட்டீஸ் என்று ஊர் சொல்லும் திவால் மனுவைப் போட்டு, கூடவே தவணைத் திட்டம் கொடுப்பது. கடன்காரர்களில் பெரும்பாலோரும் கோர்ட்டும் ஒத்துக்கொண்டால் வீடு தங்கும். பென்ஷனிலிருந்து மாதாமாதம் கட்டலாம். பைனான்ஸ்காரர் வாசலில் வந்து சத்தம் போடுவது நிற்கும். ஆனால் பெயர் கெடும். திட்டம் ஐந்து வருடம்; எனக்கு எழுபத்து மூன்று வயது.

ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, மனுப் போடுவதன் நன்மை தீமைகளை எழுதினேன். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கமும் ஏழு. எட்டாவதைத் தேடி நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“எத்தனை தடவ கூட்டிப் பாத்தாலும் செத்த இறா உசுரோட வராதுங்க. சோறு ஆறுது, வாங்க” என்றாள் மனைவி.

“ஊர்ல பேரு போயிடுமேன்னு பாக்குறேன்.”

“வீட்ட வித்துட்டு வாடகைக்குப் போனா மட்டும் பேரு கூடவே வருமா? என் முட்டி மாடிப்படி ஏறாது, அதையும் எழுதிக்குங்க.”

எழுதினேன். எட்டுக்கு ஏழு. ஆனாலும் மனு நகரவில்லை. காரணம் பாய். அவர் வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், என் கையைப் பிடித்துக் கொடுத்த பணம். அவரையும் பைனான்ஸ்காரரோடு ஒரே வரிசையில் வைத்து, கோர்ட் நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போவதா? அவர் பெயரை மட்டும் மனுவில் விட்டுவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். “ஒரு கடன மறைச்சாலும் மனு நிக்காதுங்க, சார்” என்றார்.

கடைத்தெருவில் பாய் அத்தர் கடை வைத்திருக்கிறார். போய் உட்கார்ந்து, சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். வீட்டை விற்று அவருக்கு மட்டுமாவது முழுசாகக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

“என்ன சார், நம்ம பேர விட்டுடலாம்னு பாத்தீங்களா?” என்றார். குரலில் கோபம் இருந்தது. “நான் கடன்னு குடுத்தேன். பேர விட்டீங்கன்னா அது தர்மமாயிடும். உங்களுக்குத் தர்மம் குடுக்குற அளவுக்கு நான் பெரியாளா?”

“கோர்ட் கடுதாசி உங்க வீட்டுக்கு வருமே, பாய்.”

“வரட்டுமே. எங்கள்ல ஒருத்தர் மௌத்தானா, அடக்கம் பண்றதுக்கு முன்னாடி தொழுற ஜனாஸா தொழுகைக்கு முன்னாடி புள்ளைங்க எந்திரிச்சு நின்னு கேப்பாங்க. எங்க வாப்பா யாருக்காச்சும் குடுக்க வேண்டியது இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பொறுப்புன்னு. அத்தன சனத்துக்கு முன்னாடி. அதுல ஒரு வெக்கமும் கிடையாது. நீங்க உசுரோட இருக்கும்போதே கோர்ட்ல நின்னு கேக்குறீங்க, அவ்ளோதான்.” டீ சொல்லிவிட்டு, “ஆமா, உங்க மகனுக்கு என் பாக்கி தெரியுமா?” என்றார்.

நான் கிளாஸை எடுத்துக் குடித்தேன். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது.

மறுநாள் வக்கீல் வீட்டுக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட்டேன். வங்கிக்கு என்ன விகிதமோ அதுதான் பாய்க்கும் என்று வக்கீல் இரண்டு முறை சொன்னார். சரி என்றேன். கோர்ட் ஒத்துக்கொள்ளுமா, ஐந்து வருடம் நான் இருப்பேனா என்ற கவலை இரண்டும் அப்படியேதான் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்து, நான்கு கடனையும் வரிசையாகச் சொன்னேன். அதுவரை அவனுக்கு மூன்றுதான் தெரியும்.