வெப் என்ற பெயரைத் தேடிக் கிள்ளானுக்கு

எங்கள் குடும்பப் பெயர் வெப். மூன்று தலைமுறையாக மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் தமிழர்கள் நாங்கள். "உங்க தாத்தா வெள்ளைக்காரனா?" என்று பள்ளியில் கேட்டுக் கேட்டு அப்பாவுக்கு அந்தப் பெயரே கசந்துவிட்டது. ஆசிரியராக ஓய்வுபெற்ற பிறகும் அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார்.

போன மாதம் இங்கிலாந்திலிருந்து மார்கரெட் வெப் என்பவர் எனக்கு எழுதினார். பழைய ஆங்கிலத்தில் வெப் என்றால் நெசவாளராம். தறி நின்றுபோன காலத்தில் அவர்கள் குடும்பம் கடல் கடந்து சிதறியிருக்கிறது. ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். ஆர்தர் என்பவர் 1920களில் மலாயாவுக்கு வந்து ரயில் ஓட்டினார். நாங்கள் அவருடைய வாரிசா, மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று மார்கரெட் கேட்டிருந்தார்.

"முதல்ல சர்ச்சுல பார்த்துடுவோம்" என்றார் அப்பா. தாத்தா டேனியல் ஞானஸ்நானம் பெற்றது கிள்ளானில்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தங்கினோம். தாத்தா வளர்ந்த ரயில்வே குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மறுநாள் காலை 8.40க்கு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. 

கிள்ளான் ஸ்டேஷனில் கிராப் டாக்சி பிடித்தோம். "சர்ச்சுக்கா அங்கிள்? கல்யாணமா?" என்றார் டிரைவர்.

"இல்லலா தம்பி. எங்கப்பா யாரு பிள்ளைன்னு பார்க்கப் போறேன்."

 இறங்கும்போது டிரைவர், "நல்லபடியா நடக்கும் அங்கிள்" என்றார்.

சர்ச் அலுவலகத்தில் இருந்த ரூபி அக்கா ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து படித்தார். "பிள்ளை, டேனியல். தகப்பன், முனுசாமி, இஞ்சினுக்குத் தீ போடுறவர், காலமாயிட்டாரு. தாய், அஞ்சலை. ஞானத் தகப்பன், ஆர்தர் வெப், இஞ்சின் டிரைவர்."

ஓரத்தில் பாதிரியாரின் குறிப்பு ஒன்று இருந்தது. மலேரியாவில் கிடந்த முனுசாமியைக் கடைசிவரை தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர் வெப். அவர் குடும்பப் பெயரையே பிள்ளைக்கும் வைக்கச் சொன்னது தாய்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். "அஞ்சலை" என்றார். தன் பாட்டியின் பெயரை அன்றுதான் அவர் முதன்முதலாகக் கேட்டார்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்யுங்கள். வார நாள் காலைதான் தோது. பதிவேட்டைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

மார்கரெட்டுக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். "ரத்த சம்பந்தம் இல்லைன்னு எழுது. எங்க தாத்தா முனுசாமிக்குத் தண்ணி கொடுத்த மனுஷன் உங்க வீட்டுப் பிள்ளைன்னும் எழுது" என்றார் அப்பா.

பிறகு வருகையாளர் புத்தகத்தை இழுத்து, தன் பெயரை நிதானமாக எழுதினார்: சாமுவேல் முனுசாமி வெப்.