மச்சானின் நான்கு முள் வாட்ச்

என் மச்சான் மீது எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் என் மனைவிக்குத் தம்பி. சிதம்பரம் கீழ வீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். நல்லவன். நல்லவனாக இருப்பதுதான் தொந்தரவே. கெட்டவன் மீது பொறாமைப்பட்டால் மனசாட்சி குறுக்கே வந்து நிற்காது.

பழைய கைக்கடிகாரம் சேர்க்கும் பைத்தியம் எங்கள் குடும்பத்தில் முதலில் பிடித்தது எனக்குத்தான். ஐம்பது, அறுபதுகளில் வந்த, தினமும் சாவி கொடுக்க வேண்டிய சுவிஸ் வாட்சுகள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் முடிந்ததும் நேராக ரிப்பேர் கடைகளில் போய் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமையானால் புதுச்சேரிச் சந்தைக்குப் போய் வெயிலில் குந்தியபடி பழைய சாமான்களைக் கிளறுவேன். அப்படிச் சேர்த்தவை இருபத்து மூன்று. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த மச்சான் அவற்றைப் பார்த்து வாயைப் பிளந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதை எப்படிப் பார்ப்பது, எதை வாங்கக் கூடாது என்று இரண்டு மணி நேரம் அளந்து தள்ளினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள் அது.

அதன்பிறகு அவனுக்கு அடித்தது யோகம். நான் வாட்சைத் தேடிப் போவேன். அவனை வாட்ச் தேடி வரும். கடைக்கு வருகிறவர்கள் அவன் கையைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இந்த மாதிரி ஒன்று சும்மா கிடக்கிறதே என்பார்கள். குமராட்சியிலிருந்து ஒன்று வந்தது, புவனகிரியிலிருந்து ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து எனக்குத்தான் முதலில் அனுப்புவான். கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டுவிட்டு, அன்று முழுக்க மனைவியிடம் எரிந்து விழுவேன். அவளுக்குக் காரணம் தெரியும். தம்பி இன்னொன்று வாங்கிவிட்டானா என்று மட்டும் கேட்பாள்.

போன ரம்ஜான் பெருநாள் சமயத்தில் அவன் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணி, நிமிடம், விநாடி போக நான்காவதாக ஒரு முள். அதன் நுனியில் சிவப்புப் பிறை. டயலின் ஓரத்தில் சுற்றிலும் அச்சிட்டிருக்கும் தேதிகளில் அன்றைய தேதியை அது தொட்டுக் காட்டும். பதினோரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வாட்ச். லால்பேட்டையிலிருந்து செருப்பு வாங்க வந்த ஒருவர், தன் அத்தா பினாங்கில் இருந்தபோது கட்டியது என்று சொல்லி அவனிடம் விற்றிருக்கிறார். பதினோரு வருஷம் அலைந்தவன் நான். கல்லாவில் உட்கார்ந்த இடத்தில் வாங்கியவன் அவன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும், அது போலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

மச்சான் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் துணி விரித்து வாட்சை வைத்தான். நான் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தேன். பால் வெள்ளையாக இருந்த டயல் டீ நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் எறும்பு அளவுக்கு இருந்த எழுத்துகூட மழுங்கவில்லை. அச்சான நாளிலிருந்து யாரும் கை வைக்காத டயல். நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று நிமிராமலே இருந்தேன்.

“என்னா மாமா, எப்பிடி இருக்கு?”

“ரீடயல், மச்சான்.”

வெளுத்த டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்து எழுதுவதுதான் ரீடயல். உள்ளே மெஷின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், இந்த ஒரு சொல் விழுந்தால் சேர்க்கிறவர்கள் அந்த வாட்சைத் தொட மாட்டார்கள். அவனுக்கு அது வெறுத்துப் போகட்டும், பிறகு மெதுவாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. பார்ட்ஸுக்கு ஆகுமே, நான் வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்று அப்போதே போட்டும் பார்த்தேன். உங்கள் பெட்டியில் டூப்ளிகேட் சேரக் கூடாது மாமா என்று மறுத்துவிட்டான். நல்லவேளை உங்களிடம் காட்டினேன் என்று சொல்லி எனக்குப் பரோட்டா வேறு வாங்கிக் கொடுத்தான். ரொம்ப அழுத்தினால் சந்தேகப்படுவான் என்று கிளம்பி வந்துவிட்டேன். திரும்பி வரும்போது வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைக்க மச்சான் கடலூர் வந்தான். தட்டை நீட்டிய கையில் அந்த வாட்ச். டயல் கல்யாண பேனர் மாதிரி பளபளவென்று இருந்தது. எழுத்துகள் தடித்திருந்தன. நான்காவது முள்ளின் பிறைக்கு நெயில் பாலிஷ் சிவப்பு.

சென்னையில் டயல் பெயிண்ட் அடிப்பவரிடம் கொடுத்து வாங்கினானாம். ஏற்கெனவே யாரோ சுரண்டி அடித்ததுதானே, இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது, அடிப்பதை அழகாகவாவது அடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். ரீடயலாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் மனைவி அவன் கையைத் திருப்பிப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே என்றாள். அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

“அந்த ஆளு மொதல்ல தொடவே மாட்டேன்னுட்டாரு மாமா. இது ஒரிஜினல் மாதிரி தெரியுது, இன்னொருத்தர் கிட்ட காட்டிட்டு வாங்கன்னாரு. எங்க மாமாவே லென்ஸ் வச்சு பாத்துட்டாரு, அவரவிட யாருக்குத் தெரியும், நீங்க சுரண்டுங்கன்னேன். பக்கத்துலயே நின்னு சுரண்ட வச்சேன்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே. நன்றாக இருக்கிறது மச்சான் என்றேன்.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டான். இலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நாலைந்து தடவை கையைத் தூக்கி அந்த வாட்சைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். என்னால் இனி எந்த வாட்சையும் அப்படிப் பார்க்க முடியாது. அதற்கும் எனக்கு அவன் மீதுதான் பொறாமையாக இருந்தது.