மேடையில் கண்ணாமூச்சி

என் மகள் ஒரு இத்தாலிய ஆப்பெராவில், முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகத்தில், நடித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. ஊரில் இதைச் சொன்னால் எல்லோரும் புருவத்தைத் தூக்கி, பரவாயில்லையே என்கிறார்கள். நான் மட்டும் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நாங்கள் வளைகுடாவில், ருவைஸ் என்கிற ஊரில் இருந்தோம். என் கணவர் அங்கே ஒரு ப்ளான்டில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைக் கண்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்த் திட்டுகிற ஆள். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நகரத்து அரங்கத்துக்கு இத்தாலியிலிருந்து ஒரு பெரிய குழு வருகிறது, கறுப்பு முடியுள்ள சின்னக் குழந்தை ஒன்று வேண்டும், பாடவோ பேசவோ வேண்டாம், சொன்ன இடத்தில் உட்கார்ந்தால் போதும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் பிள்ளையின் போட்டோவை அனுப்பிவிட்டார். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கதைப்படி அது பாதி ஜப்பான் குழந்தை. எங்கள் பிள்ளையின் மூக்கோ பச்சைத் திருநெல்வேலி. மேக்கப் போட்டால் தூரத்திலிருந்து தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இசையமைப்பாளரைப் பற்றி நான் தேடிப் படித்தேன். செத்து நூறு வருஷம் ஆகியும் உலகம் முழுக்க அவர் படைப்புகளுக்கு அரங்கம் நிரம்புகிறதாம். படிக்கப் படிக்க எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு பெண் சாகிறாள். ஒருத்தி இருமி இருமிச் சாகிறாள், ஒருத்தி கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கிறாள், ஒருத்தி தண்ணீர் இல்லாத வெளியில் சுருண்டு விழுகிறாள். மனிதருக்கு ஒருத்தியையாவது உயிரோடு வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை போலிருக்கிறது. எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த கதையில், வெளிநாட்டுக் கப்பல்காரனை நம்பி ஏமாந்த ஒரு ஜப்பான் பெண், தன் குழந்தையை அவனுக்கே கொடுத்துவிட்டுக் கத்தியால் குத்திக்கொள்கிறாள். அதைக் குழந்தை பார்த்துவிடக் கூடாது என்று முதலில் அதன் கண்ணைக் கட்டுகிறாள். அந்தக் குழந்தைதான் என் மகள்.

கதையைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பயமுறுத்தியது பள்ளம். மேடைக்கு முன்னால், இசைக்குழு உட்காருவதற்காக ஒரு ஆளுக்கு மேல் ஆழமாக இறக்கியிருந்தார்கள். உள்ளே இரும்பு ஸ்டாண்டுகள், நாற்காலிகள், நிமிர்ந்து நிற்கும் பெரிய வாத்தியங்கள். விளிம்பில் ஒரு கம்பிகூட இல்லை. முதல் நாள் ஒத்திகையிலேயே இவரிடம் காட்டினேன். பிள்ளை பின்னால்தான் உட்காருவாள், முன்னால் வரவே மாட்டாள் என்றார். ப்ளான்டில் இப்படி ஒரு குழியைத் திறந்து வைத்திருந்தால் இவர் சும்மா விட்டிருப்பாரா என்று கேட்டேன். போனை எடுத்துப் பிள்ளையைப் படம் பிடிக்கப் போய்விட்டார்.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கண்ணைக் கட்டுகிற இடம் தவிர. துணி முகத்துக்குப் பக்கத்தில் வந்ததுமே வீறிட்டு அழுதாள். கடைசி ஒத்திகையிலும் அந்த இடத்தைக் கட்டாமலேயே ஒப்பேற்றினார்கள். மேடை நிர்வாகி, காதில் மைக் மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண், வீட்டில் பழக்கிக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

பழக்குகிற வேலையை இவர் எடுத்துக்கொண்டார். ஹாலில் சோபாவை நகர்த்திப் போட்டுவிட்டு, என் துப்பட்டாவால் பிள்ளையின் கண்ணைக் கட்டி, கண்ணாமூச்சி ஆடினார். நாங்கள் மூலைக்கு மூலை நின்று கைதட்டிக் கூப்பிடுவோம். "சத்தம் வர்ற பக்கம் போடி" என்று சொல்லிக் கொடுத்தார். அவள் கையை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வந்து எங்களைப் பிடிப்பாள். ஒரே சாயங்காலத்தில் பயம் போய்விட்டது. அடுத்த நாள் அவளே துப்பட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்தியா என்பது போல இவர் என்னைப் பார்த்தார். நானும் சந்தோஷப்பட்டேன். நாங்கள் என்ன கற்றுக் கொடுத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மதியக் காட்சி. இவர் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் மேடை ஓரத்தில், கறுப்புத் திரைக்குப் பின்னால். தரையில் ஒட்டியிருந்த டேப்பைத் தாண்டக் கூடாது, மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்கக் கூடாது என்று நிர்வாகி உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. அந்தத் தாயாக நடித்த பாடகி என் மகளைக் கட்டிக்கொண்டு பாடினாள். அந்தக் குரலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மொழி புரியாமலேயே எனக்குக் கண்ணீர் வந்தது. பிறகு பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு சின்னக் கொடியைக் கொடுத்து, கண்ணைக் கட்டினாள். பிள்ளை அழவில்லை. சிரித்தாள். வீட்டு ஹாலில் கண்ணாமூச்சி ஆடும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

பாடகி கத்தியோடு, மேடையில் மறைப்புக்கு நிறுத்தியிருந்த தட்டிக்குப் பின்னால் போனாள். மகள் கொடியைக் கீழே போட்டாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தம் வருகிற பக்கம் போ என்று சொல்லி வைத்திருக்கிறோம். அந்த அரங்கத்தில் இருந்த சத்தம் முழுவதும் பள்ளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. முரசும் ஊதுகுழல்களுமாக அது அவளைக் கூப்பிட்டது. அவள் நேராக அதை நோக்கி நடந்தாள்.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. சும்மா சொல்லவில்லை, காற்றுதான் வந்தது. அந்த டேப்பைத் தாண்டி ஓடக்கூட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நிர்வாகி மைக்கில் என்னவோ படபடவென்று சொன்னாள். பள்ளத்தில் நின்று இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தவர் பிள்ளையைப் பார்த்துவிட்டார். ஒரு கை தாளத்தை விடாமல் அசைய, இன்னொரு கையை அவளைத் தடுப்பது போல மேலே நீட்டினார். கண் கட்டியிருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? விளிம்பிலிருந்த விளக்கு வெளிச்சம் அவள் பாதத்தில் பட்டது.

தட்டிக்குப் பின்னாலிருந்து பாடகி வெளியே வந்தாள். குழந்தையை நோக்கித் தவழ்ந்து, தொடுவதற்கு முன் செத்துப் போவதுதான் அவள் வேலை. முக்காலி காலியாக இருந்ததைப் பார்த்தாள். தவழவில்லை. பாய்ந்தாள். தரையில் விழுந்து, மகளின் அங்கியின் முனையைப் பிடித்து இழுத்தாள்.

பிள்ளை திரும்பி அவள் முகத்தைத் தடவினாள்.

"பிடிச்சுட்டேன்!" என்றாள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

பாடகி அவளை மார்போடு அழுத்திக்கொண்டு அப்படியே செத்துப் போனாள். திரை விழுந்தது.

நான் டேப்பைத் தாண்டி ஓடினேன். பாடகி எழுந்து உட்கார்ந்திருந்தாள், ஆனால் பிள்ளையை விடவில்லை.  என்னைப் பார்த்து இத்தாலியில் என்னவோ சொல்லி அழுதாள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் ஓயவே இல்லை. எழுந்து நின்று தட்டுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். தாயைத் தேடிக் கண் தெரியாமல் நடக்கிற குழந்தை, என்ன கற்பனை என்று அழுதார்களாம்.  இன்னும் ஒரு எட்டு எடுத்து வைத்து அவள் விழுந்திருந்தாலும், முதலில் கைதட்டித்தான் இருப்பார்கள்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, நாளைக்கும் இதே போல நடக்கட்டும், விளிம்பில் ஆள் நிறுத்துகிறேன் என்றார். அதற்குள் ஓடி வந்துவிட்ட என் கணவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியும் அவர் தலை பழக்கதோஷத்தில் சரி என்று ஆடப் பார்த்தது.

"கலாஸ்" என்றேன். போதும், முடிந்தது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற வார்த்தை அது. அங்கேயே நின்று பிள்ளையின் அங்கியைக் கழற்றி இயக்குநரின் கையில் கொடுத்தேன்.

காரில் ஊருக்குத் திரும்பினோம். மகள் என் மடியில் கிடந்து, முகத்திலிருந்த வெள்ளை மாவை என் சேலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

"அம்மா, நான் உன்னத்தான் தேடினேன். நீ கூப்பிடவே இல்ல. அந்த ஆன்ட்டிதான் வந்தாங்க" என்றாள்.

இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நான் அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அப்போதும் குரல் வரவில்லை.